நம்பர் ப்ளேட் விளையாட்டு

"'பாயசம் தொண்டையில இறங்கலை, அதுக்குள்ள என்னைக் கிளப்பி விட்டுட்டா.' இதையே எத்தனை தடவை சொல்வேள் அக்கா? போன்ல உங்க பொண்ணு வைஷ்ணவிகிட்டச் சொல்லியாச்சு. கீழே செக்யூரிட்டிகிட்ட ஹிந்தியிலயும் சொல்லியாச்சு."

ஹம்சா காரை ஓட்டிக்கொண்டே பேசினாள். பக்கத்தில் கணவர் பட்டாபி. பின் சீட்டில் அவருடைய அக்கா மங்களம்.

"சொல்லாம என்ன? ஞாயித்துக்கிழமை தம்பியாத்துக்கு வந்தா, சாயங்காலம் காபி குடிச்சுட்டுத்தான் கிளம்பறது வழக்கம். நான் கை அலம்பறதுக்குள்ள நீ கார் சாவியோட நிக்கறே."

"துவாரகாலேர்ந்து கோல் மார்க்கெட் வரைக்கும் மெட்ரோல இடிபடாம, உங்காத்து வாசல்லயே கொண்டு விடறேன். அதுவும் தப்பா?"

"அச்சா, அதுக்கு இவன் எதுக்கு? பாவம், தூங்கற நேரம்."

ஹம்சா பதிலுக்கு ஹாரன் அடித்தாள். தௌலா குவான் சிக்னலில் வண்டிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

"ஏன்னா, முன்னாடி அந்த வெள்ளை வண்டி. சி, ஏ, டி. சொல்லுங்கோ."

கல்யாணமான புதிதில் டெல்லி டிராஃபிக்கில் ஆரம்பித்த விளையாட்டு அது. முன்னால் நிற்கும் வண்டியின் நம்பரில் என்னென்ன எழுத்து இருக்கிறதோ, அவை எல்லாம் வரும்படி ஓர் ஆங்கில வார்த்தை சொல்ல வேண்டும். யார் வார்த்தை நீளமோ அவருக்கு ஜெயம். ஹம்சா கான்வென்ட். பட்டாபி தமிழ் மீடியம். ஜெயிப்பதென்னவோ பெரும்பாலும் பட்டாபிதான். ஹம்சாவுக்கு அதில் தீராத எரிச்சல்.

பட்டாபி முன்னால் பார்த்தார். சிரித்தார். "அது... அது வந்து..."

"ம், சொல்லுங்கோ."

"அதான்... அது."

மங்களத்துக்குப் பொறுக்கவில்லை. "பூனைதானே? கேட். எல்.கே.ஜி. குழந்தைகூடச் சொல்லும். இதைப் போய் அவன்கிட்டக் கேக்கறியே, கான்வென்ட்ல படிச்ச திமிரா?"

"நீங்க ஆட்டத்துல இல்லை அக்கா. சும்மா வாங்கோ."

"அவனுக்கு அலுப்பா இருக்குடி. கண்ணு சொருகறது பாரு. விடேன்."

"தூங்கப்படாது. ஏன்னா, இங்க பாருங்கோ. அடுத்த வண்டி. சி, பி, ஆர்."

பட்டாபியின் உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை.

"ராட்சசி," என்றாள் மங்களம், மெதுவாக அல்ல. மறுபடியும் மகளுக்குப் போன் போட்டாள். "வைஷ்ணவி, கேளு இந்த அநியாயத்தை. உங்க மாமாவுக்கு நடு ரோட்டுல இங்கிலீஷ் பரீட்சை நடக்கறது. வாத்தியாரம்மா உங்க மாமி."

ஹம்சா வேகத்தைக் கூட்டினாள். ஆட்டோக்காரர் ஒருவர் திட்டத் திட்ட அவரை முந்தினாள். சட்டென்று இடது பக்கம் ஒடித்து ஒரு பெரிய வளாகத்துக்குள் நுழைந்தாள்.

"கோல் மார்க்கெட் இந்தப் பக்கம் இல்லையே?"

எதிரே சிவப்பு எழுத்தில் 'எமர்ஜென்சி' என்று இருந்தது. ஹம்சா அதற்குள் இறங்கியிருந்தாள்.

"பையா, வீல் சேர். ஜல்தி," என்று வாசலில் நின்ற ஊழியரை அவசரப்படுத்தினாள்.

உள்ளே இருந்த தமிழ் டாக்டர் ஷ்வேதாவிடம் மூச்சு விடாமல் சொன்னாள். "சாப்பிடறச்சே மோர் கேக்க இவருக்கு வார்த்தை வரலை. 'அது, அது'ன்னு கையைக் காட்டினார். கை கால் சரியா இருக்கு. வாய் கோணலை. வழியெல்லாம் கேட்டுப் பார்த்துண்டே வந்தேன். தினம் என்னைத் தோக்கடிக்கறவர், மூணெழுத்துக்கு முழிக்கறார். இது ஸ்ட்ரோக், டாக்டர்."

மங்களம் ஹம்சாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சொன்னா நீங்க அழுதிருப்பேள். அதைப் பார்த்து இவர் பயந்திருப்பார். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னு சோபாவைப் பிடிச்சுண்டு உக்காந்திருப்பார். உங்களைக் கொண்டு விடணும்னதாலதான் செருப்பைப் போட்டுண்டார்."

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தம் உறைந்து ஓர் அடைப்பு. உடனே மருந்து ஏற்றினார்கள்.

"நிறைய பேர் ஏதோ அலுப்புன்னு நினைச்சுத் தூங்க விட்டுடுவாங்க. மறுநாள் கூட்டிட்டு வருவாங்க. அப்போ எங்களால ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் டாக்டர். "நீங்க முந்திட்டீங்க மேடம்."

"இந்த ஆட்டத்துல நான் ஜெயிக்கறது அபூர்வம்," என்றாள் ஹம்சா.

மறுநாள் காலை, வராந்தாவில் மங்களம் யாரிடமோ போனில் பேசுவது பட்டாபியின் அறைக்குள் கேட்டது. "சாப்பிடறச்சேயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. 'ஹம்சா, யோசிக்காதே, வண்டியை எடு'ன்னேன். நல்ல வேளை, நான் இருந்தேன்."

ஹம்சாவுக்கு நாக்கு துறுதுறுத்தது. வாசல் வரை போய்விட்டாள். அதற்குள் கட்டிலிலிருந்து கை நீண்டு ஜன்னலைக் காட்டியது. கீழே பார்க்கிங்.

ஹம்சா திரும்பி வந்து எட்டிப் பார்த்தாள். "சி, டி, ஆர்," என்றாள்.

பட்டாபி கண்ணை மூடிக்கொண்டார். நெற்றி சுருங்கியது.

"கான்... ட்ராக்... டர்."

கண்ணைத் திறந்தார். "பார்த்தியா. ஆபீஸ்ல என் உயிரை வாங்கின வார்த்தைதான்... முதல்ல வரது. நீளம் போறுமா?"

ஹம்சா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். போட்டுக்கொள்ளாமல் மறுபடியும் துடைத்தாள்.

"ஹம்சா, வண்டி போயிடப் போறது. அடுத்த நம்பரைச் சொல்லேன்."