முத்திரைக்கு அடியில்

அம்மாவின் முகத்தைத் தேடித்தான் பூங்காவனம் மாவட்ட நூலகத்துக்கு வந்திருந்தாள். பெருவெள்ளம் வந்த ஆண்டு, கைக்குழந்தையான அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா நிவாரண முகாமில் நின்றதைச் செய்தித்தாளில் படம் போட்டிருந்தார்கள் என்று அத்தை சொல்லியிருந்தாள். அடுத்த வாரமே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். வேறு படம் கிடையாது.

நூலகர் சகாயராஜ் அந்த ஆண்டின் பழைய தொகுப்பை மேசையில் விரித்தார். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். அதே முகாம், அத்தை சொன்ன அதே கட்டம் போட்ட சேலை, இடுப்பில் குழந்தை. கழுத்துக்கு மேலே நூலகத்தின் வட்ட முத்திரையை ஊதா மையில் அழுந்தக் குத்தியிருந்தார்கள்.

"படத்தை வெட்டிக்கிட்டுப் போயிடுறாங்கம்மா. அதான் எல்லாப் படத்துலயும் நடுவுல சீல் குத்திருவோம். இதெல்லாம் நான் குத்துனதுதான். ஒரு படம் காணாமப் போனதில்ல, பாருங்க."

"சார், இது எங்கம்மா."

அவர் அந்தப் பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். மை மறுபக்கம் வரை இறங்கியிருந்தது.

பூங்காவனம் முத்திரையை விரலால் தொட்டாள். இடுப்பிலிருந்த குழந்தை மட்டும் அண்ணாந்து, அதற்கு அடியில் இருந்த முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.