பன்னிரண்டு வோல்ட் காற்று

"வந்துட்டமா, வனஜா?"

"கொடைக்கானல் கேம்ப்புக்கே வந்துட்டோம். மாத்திரை போட்டுகினு வழியெல்லாம் தூங்கிட்டே."

பார்வை போய், படுத்த படுக்கையாகிவிட்ட டிரைவர் உத்தமனுக்குத் தன் வேனிலேயே ஒருமுறை மலையேற வேண்டுமென்று ஆசை.

"ஃபேன் சுத்துதே, பேட்டரி எறங்கிடப் போவுது."

"பேட்டரி இல்ல. கேம்ப்பு கரண்டைப் பெட்டி வச்சுப் பன்னெண்டு வோல்ட்டா கொறச்சிகீறேன்."

வனஜா ஒயரைச் சரிசெய்தாள். அது கொரட்டூரில் அவர்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து வேனுக்கு வந்துகொண்டிருந்தது. வேனில் இன்ஜின் இல்லாமல் ஆறு மாதமாகிறது.

அந்த நேரம் பார்த்து ஆவடி ரயில் கூவிக்கொண்டு போனது. கொடைக்கானலில் ஏது ரயில்! வனஜா மூச்சை அடக்கிக்கொண்டாள்.

உத்தமன் ரயில் சத்தம் போன பக்கம் தலையைத் திருப்பினான். பிறகு, கழுத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"மலையாச்சே, குளிர் தாங்கல வனஜா. ஃபேனை நிறுத்திடு."