நெனிதாவுக்குப் பிடித்த இன்ஜின்

"எனக்குச் சத்தம் போடுற இன்ஜின்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு, கடையின் நடுவில் நின்றபடியே நெனிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் டெல்ஃபின் கையைப் பிசைந்தான். முப்பது வருடமாக அந்தத் தீவின் மீன்பிடிப் படகுகளில் எல்லாம் ஓடியது ஒரே கம்பெனியின் பதினாறு குதிரைசக்தி இன்ஜின்தான். போன வருடம் கம்பெனிக்காரன் அதைச் செய்வதையே நிறுத்திவிட்டான். டெல்ஃபினுடைய கிழட்டு இன்ஜின் முந்தாநாள் கடை இருக்கும் இந்தப் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே பிளாக் பிளந்து உயிரை விட்டது. இன்றைக்கு வேறு ஏதாவது ஒன்றை வாங்காவிட்டால் நாளைக்குப் பிழைப்பு இல்லை.

கடைக்காரர் ஹெர்மீனியோ இரண்டு இன்ஜின்களை எடுத்து முன்னால் வைத்திருந்தார். ஒன்று ஓடுவதே தெரியாது. இன்னொன்று ஊரையே எழுப்பிவிடும். விலையிலும் இழுவையிலும் இரண்டும் ஒன்றுதான்.

"ஏற்கெனவே ரெண்டு காதும் ஙொய்னு கத்திக்கிட்டு இருக்கு, நெனிதா. இன்னும் ரெண்டு வருஷம் இந்த மாதிரி இன்ஜினோட ஓட்டுனா சுத்தமா போயிரும்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"நீ கடலுக்குப் போயிட்டா என் உசுரு என்கிட்ட இல்லய்யா. நீ முனையில திரும்புறப்ப இன்ஜின் சத்தம் கேட்டாத்தான் எனக்கு மூச்சே வரும். அப்புறந்தான் அடுப்புல சோத்தையே ஏத்துவேன். நீ பாட்டுக்குச் சத்தமே இல்லாம வந்தா நான் என்னன்னு நெனைக்கிறது?"

அது பொய்யில்லை. தங்கள் புருஷன்கள் வருவதை அங்கே பெண்கள் இன்ஜின் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த நிலமுனையிலிருந்து கரைக்கு வர இருபது நிமிடம். டெல்ஃபின் படியேறும்போது அடுப்பில் சோறு கொதிக்கும், பாய் சுருட்டி வைத்திருக்கும். உப்புக் கடன் வாங்க வந்த அக்கம்பக்கத்து எஸ்டெரும் பூரிங்கும் லோலிங்கும் அப்போதுதான் இறங்கிப் போவார்கள். கருவாடு காயவைத்தே பிழைக்கிற ஊரில் மூன்று வீட்டிலும் தினமும் எப்படித்தான் உப்புத் தீர்கிறதோ, அவன் கேட்டதில்லை.

அந்த மூன்று பேரும் இன்றைக்கு நெனிதாவுக்குத் துணையாகக் கடைக்கே வந்திருந்தார்கள்.

"அவ சொல்றது நியாயந்தான், அண்ணே" என்றாள் எஸ்டெர். "உங்க சத்தம் கேட்டா எங்களுக்கே ஒரு நிம்மதி."

"சைலன்சரையும் கழட்டிடச் சொல்லுங்க" என்றாள் பூரிங். லோலிங் மூக்கை உறிஞ்சினாள்.

ஹெர்மீனியோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நாலு பேரையும் பார்த்தார். விலையைக் குறை என்று சண்டை போடும் பெண்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். சைலன்சரைக் கழற்று என்று கேட்டவர்கள் இவர்கள்தான்.

டெல்ஃபினுக்கு மனசு இளகிவிட்டது. காது கேட்காத கிழவனாகப் போனாலும் பரவாயில்லை, இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள்? "சரி, சத்தம் போடுறதே இருக்கட்டும்" என்றான். நாலு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாடகை வண்டியேறி ஊருக்குப் போனார்கள்.

வண்டி திரும்பியதும் ஹெர்மீனியோ அவன் தோளைப் பிடித்தார். "டெல்ஃபின், காது போனா திரும்பி வராது. படகு துறையிலதான நிக்குது? சத்தமில்லாததை இன்னைக்கு ஒரு நடை மாட்டிப் பாரு. பிடிக்கலைன்னா காலையில கொண்டாந்து குடுத்துட்டு மத்ததை எடுத்துட்டுப் போ. வீட்ல சொல்லிக்காத."

டெல்ஃபின் திருடனைப் போல அதை மாட்டிக்கொண்டு கடலுக்குப் போனான். பத்து நிமிடத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் படகில் மோதுவது கேட்டது. கூடையில் மீன் துள்ளுவது கேட்டது. தன் பாட்டு இவ்வளவு மோசமாக இருக்கும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாயங்காலம் முனை திரும்பும்போது சிரிப்பு நின்றது. நெனிதா இந்நேரம் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள். பாவி, அவளைப் போய் இப்படித் தவிக்க விட்டுவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டான். காலையில் முதல் வேலையாக இதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காதாவது மண்ணாவது.

கரையில் யாரும் இல்லை. இருந்ததிலேயே பெரிய களவா மீனைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தான். மூங்கில் கால்களில் நின்ற வீட்டுக்கு அடியில் அவனுடைய பூனை சும்மா உட்கார்ந்திருந்தது. மாடத்தில் கருவாடு குறைகிறது என்று வாரத்துக்கு ஒரு முறை உதை வாங்குகிற பூனை.

மேலே மூங்கில் தரையின் இடுக்கு வழியாக நாலு பெண்களின் குரல் முணுமுணுவென்று இறங்கி வந்தது. தனக்காகத்தான் ஜெபமாலை சொல்கிறார்கள் என்று டெல்ஃபினுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் படியில் கால் வைத்தான்.

"நேரமாச்சுடி, நெனிதா. நாங்க கிளம்புறோம்" என்றது லோலிங்கின் குரல்.

அடுத்து வந்த நெனிதாவின் குரல், பல வருடங்களுக்குப் பிறகு, அவன் காதில் ஒரு எழுத்துக்கூடத் தவறாமல் விழுந்தது.

"இன்னும் இன்ஜின் சத்தமே கேக்கல, ரெண்டு கருவாடு பந்தயம் கட்டிட்டு சீட்டைப் போடுடி."