பதினாறாவது நட்டு

சமையலறைத் தரையில் காலை வெயில் ஒரு பாய் அளவுக்கு விழுந்திருக்கிறது. அதன் நடுவில், நடக்க முடியாத கால்களை ஒருபக்கமாக மடித்துப் போட்டுத் தையற்கடைக்காரி உட்கார்ந்திருக்கிறாள். சுவரோரம் அவள் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி சட்டம் வேறு, சக்கரம் வேறாகக் கிடக்கிறது. கல்யாணமான இந்த ஆறு வருடத்தில் நேற்றுவரை அதை யாரும் தொட்டதில்லை. நேற்றிலிருந்து கிண்ணத்து வினிகரில் ஊறும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய பல் பிரஷால் திருகுமரையின் பள்ளம் பள்ளமாகத் தேய்க்கிறாள். துரு தேநீர் நிறத்தில் விரலிடுக்கில் வழிகிறது. புளித்த வாடை மூக்கில் ஏறுகிறது. துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நட்டை மாட்டி ஒற்றை விரலால் சுண்டுகிறாள். அது தானாகச் சுழன்று அடிவரை இறங்கினால்தான் பக்கத்தில் விரித்த துணிமேல் இடம். பாதியில் நின்றால் திரும்பவும் கிண்ணத்துக்குள். பதினைந்து தேறிவிட்டன. கணவன் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறான். "நான்தான் தினமும் ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடுறேனே. இப்ப எதுக்கு இது?" "உங்களுக்குக் காய்ச்சல் வந்தா என் கடைக்கும் பூட்டா?" தலை நிமிராமலேயே தேய்க்கிறாள். கடைசி நட்டு மூன்று முறை பாதியில் முரண்டு பிடிக்கிறது. நான்காவது முறை சுண்டியதும் 'கிர்ர்' என்று ஓடி அடியில் போய் நிற்கிறது. அதையும் துணியில் வைத்துவிட்டு, இப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்க்கிறாள். "மேல் தட்டுல வண்டியோட மணி இருக்கும், எடுத்துக் குடுங்க. வழியில நிக்கிறவங்க ஒதுங்கணும்ல."