எல்லைக்கல்

புதிய காவல் நிலையம் கட்ட ஆறு வருடம் நகரெல்லாம் தேடி, கடைசியில் கிடைத்தது இருபது சென்ட் புறம்போக்கு. போன சித்திரையில் சர்வேயர் அருணாசலமூர்த்தி அதன் மூலையில் ஊன்றிய எல்லைக்கல்லுக்கு இப்போது மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டி, தகரக் கூரையும் போட்டிருந்தார்கள். அவர் துணியை விலக்கிப் பார்த்தார். அவரே எழுதிய சர்வே எண் மஞ்சளுக்கடியில் தெரிந்தது.

“இதை எடுக்கணும்மா,” என்றார் இன்ஸ்பெக்டர் துரைப்பாண்டி.

கற்பூரத் தட்டோடு நின்ற பேச்சிக்கனி பதறவில்லை. “எடுங்க சார். ஆனா அம்மா வந்து உக்காந்த நாள்லேருந்து இந்தத் தெருவுல ஒரு களவு கெடையாது. இனி ஸ்டேஷன் எதுக்குன்னுதான் எல்லாரும் கேக்காங்க. மொதல்ல பூட்ஸைக் கழட்டிட்டு வந்து கும்பிடுங்க.”

இருவரும் கழற்றிவிட்டுப் போய்க் கும்பிட்டார்கள். குங்குமம் வைத்துக்கொண்டு திரும்பியபோது சர்வேயரின் ரப்பர் செருப்பு விட்ட இடத்திலேயே கிடந்தது. பூட்ஸைக் காணவில்லை.

பேச்சிக்கனி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டரின் காலுறையைப் பார்த்தாள்.

“சரி, கட்டுங்க சார்,” என்றாள். “அம்மாவுக்கு மட்டும் உள்ள ஒரு ரூம் ஒதுக்கிருங்க. வெளிய விட்டா பயமா இருக்கு.”