வீட்டார் கையொப்பம்

சோபா மெத்தைக்கு அடியில் நாலாக மடித்துச் செருகியிருந்த கணக்குத் தாளைப் பிரித்ததும் சியூ ஹூனுக்குத் திக்கென்றது. நூற்றுக்கு முப்பத்தெட்டு! மகள் ஜியா சுவானுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு மூன்றே வாரத்தில்.

"இங்க வாடி! போன வாரம் தொண்ணூறுன்னு சொன்னே. இது என்ன?"

தாளைப் பார்த்ததும் ஜியா சுவான் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பேர் எழுதற இடத்துல மொட்டையா குடும்பப் பேரு 'லிம்'னு மட்டும் எழுதிட்டா யாருதுன்னு தெரியாதுன்னு நெனச்சியா? கட்டம் வரைஞ்சு போட வேண்டிய கணக்கை, எங்க காலத்துல மாதிரி எக்ஸ்னு வச்சுப் போட்டிருக்கே. எழுத்தும் கோழி கிளறின மாதிரி. யாரு சொல்லிக் கொடுத்தா?"



அடியில் 'வீட்டார் கையொப்பம்' என்ற இடத்தைப் பார்த்தவளுக்குக் கொதித்தது.

"இது என் கையெழுத்து இல்ல. உங்கப்பா கையெழுத்தும் இல்ல. கள்ளக் கையெழுத்து வேறயா? வரட்டும் அவரு!"

"இன்னிக்குப் புதன்கிழமை. அப்பாவுக்கு ஓவர்டைம்..."

"பேச்சை மாத்தாதே. யாரு போட்டது?"

"நான்தான். ஆனா கள்ளக் கையெழுத்து இல்லம்மா, என் சொந்தக் கையெழுத்து."

"உன் பேப்பர்ல நீயே போட்டுக்குவியா?"

"என் பேப்பர் இல்லம்மா, அப்பாவோடது. எனக்குச் சொல்லிக் கொடுக்கணும்னு புதன்கிழமை பெத்தவங்க டியூஷனுக்குப் போறாரு. அங்கயும் வீட்டார் கையெழுத்து கேக்கறாங்களாம். உன்கிட்ட காட்டினா திட்டுவியாம், அதான் என்கிட்ட கையெழுத்து வாங்கினாரு."

ஜியா சுவான் குரலைத் தாழ்த்தினாள்.

"அடுத்த தடவை அம்பதாவது வாங்கலேன்னா அம்மாகிட்ட சொல்லிடுவேன்னு கண்டிச்சுத்தான்மா போட்டேன்!"