ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்

"கலங்கரை விளக்கத்தப் பாக்காம இந்தத் தீவை விட்டுப் போகக் கூடாது சார். ஆனா மேல ஏற வேண்டாம், இருநூறு படி. கீழ நின்னே பாத்துக்கலாம்," என்றான் ஆட்டோக்காரன்.

பின்னால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரர் தலையாட்டினார். அவருடைய முட்டி வலிக்கு அதுவே தோதாக இருந்தது. அதோடு, அவர் படகேறி வந்தது கலங்கரை விளக்கத்தைப் பார்க்க அல்ல, இந்த ஆட்டோக்காரனைப் பார்க்க.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகள் அடம்பிடித்துக் கட்டிக்கொண்டது இவனைத்தான். "இனி இந்த வாசப்படி மிதிக்காதே" என்று கத்திய மனிதர், மாப்பிள்ளை முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. போன வாரம் கடைக்கு வந்த ஒருவர், "உங்க மருமகன் குடிச்சிட்டு வந்து அடிக்கிறானாமே" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார். அன்றோடு தூக்கம் போயிற்று. மனைவியிடம் நண்பர் வீட்டு விசேஷம் என்று புளுகிவிட்டு, அலமாரியில் கைக்கு அகப்பட்ட கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். விசாரித்து வைத்திருந்த ஆட்டோ எண்ணைப் படகுத்துறையில் தேடிப் பிடித்து ஏறியும் ஆயிற்று. சேதி உண்மையானால் மகளைக் கையோடு கூட்டிப் போய்விடுவது என்று முடிவு.

"தம்பி, இங்க நல்ல சரக்கு எங்க கிடைக்கும்?" என்று தூண்டில் போட்டார்.

"அது நமக்குத் தெரியாத ரூட்டு சார். நல்ல டீ கிடைக்கும், வாங்க."

டீ சர்க்கரை இல்லாமல் வந்தது. அவர் சொல்லவே இல்லை. இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அடியில் கண்ணாடி பதித்த படகில் பவளப்பாறை பார்த்தார்கள். மத்தியானம் கடற்கரையோர மீன் கடையில் இலை போட்டதும், "அக்கா, சாருக்குக் கத்திரிக்காய் வேண்டாம். மீன் மட்டும் வைங்க," என்றான்.

மருந்துக்கடைக்காரர் மெல்ல விஷயத்துக்கு வந்தார். "சம்சாரம் எப்படிப்பா?"

"தங்கம் சார். கோபம் மட்டும் அவங்க அப்பா குடுத்த சீதனமாம்."

அவருக்குப் புரையேறியது. தண்ணீர் கொண்டுவந்த கடைக்காரம்மா விடவில்லை.

"இவன் பொண்டாட்டியவா கேக்குறீங்க? வந்த புதுசுல அலையைப் பாத்தாலே அலறும் அந்தப் பொண்ணு. தினம் சாயங்காலம் கையைப் புடிச்சு நீச்சல் கத்துக்குடுத்தான். இப்ப இவனையே முந்திட்டுப் போய் நின்னு கைகொட்டிச் சிரிக்குது!"

வாளித் தண்ணீருக்கே கண்ணை இறுக்கிக்கொள்கிற பெண் அவள். அவள் கடலில் சிரிக்கிறாளாம்! ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்கியது. கறுப்புக் கண்ணாடி இருந்தது நல்லதாய்ப் போயிற்று. கண் கலங்கியது வெளியே தெரியவில்லை. இன்னும் இரண்டு துண்டு மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"போதும்ப்பா, மனசு நெறஞ்சு போச்சு. படகுத்துறையில விட்டுரு."

"இன்னும் ஒரே ஒரு இடம் பாக்கி சார்."

ஆட்டோ ஒரு சந்துக்குள் திரும்பி, நீலக் கதவு போட்ட வீட்டின் முன் நின்றது. வாசலில் அவருடைய மகள் நின்றுகொண்டிருந்தாள்.

"பாத்து இறங்குங்க மாமா," என்று கைகொடுத்தான் ஆட்டோக்காரன். "நீங்க சொன்ன விசேஷத்தை அத்தை நம்பவே இல்ல. இங்கதான் வருவீங்க, முட்டி வலி, சர்க்கரை, கத்திரிக்காய் ஆகாதுன்னு காலையிலேயே போன்ல சொல்லிட்டாங்க."

மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"முதல்ல அந்தக் கண்ணாடியைக் கழட்டுங்கப்பா. அது என்னோடது!"